பானெட்டைத் தாங்க ஸ்பிரிங்கா, கேஸ் ஸ்ட்ரட்டா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டை, அதாவது எஞ்சின் மூடியை, தாங்கும் எஃகு ஸ்பிரிங்குகள், துரு ஏறாதவரை பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் வேகத்தைத் தணிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. கேஸ் ஸ்ட்ரட் என்பது உருளைக்குள் நகரும் தண்டைக் கொண்ட தாங்கி; அதில் அழுத்தப்பட்ட நைட்ரஜனும் சிறிதளவு எண்ணெயும் இருப்பதால் பானெட் நிதானமாக எழுகிறது. எனினும், வாயுவை அடைத்து வைக்கும் சீல் தேயத் தேய வாயு கசியும். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் குறைந்தால் தாங்குவிசையும் ஏறத்தாழ 10 சதவீதம் சரியும். மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினால், எண்ணெய் சீலை உலராமல் காக்கும். இதைவிட முக்கியமானது விசைத் தேர்வு: ஸ்ட்ரட்டின் விசை (நியூட்டன் அளவு) மிகுந்துவிட்டால், கீலுக்கு அருகே மெல்லிய தகடு வளைந்து பெயின்ட் விரிசல் விடக்கூடும். அசல் தன்மையைக் காக்க விரும்புவோருக்கு நான் ஸ்பிரிங்கையே பரிந்துரைப்பேன். ஸ்ட்ரட்தான் வேண்டுமெனில், புதிதாகத் துளையிடாமல் பழைய போல்ட் துளைகளிலேயே பொருந்தும் பிராக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, கழற்றிய ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள்.