சக ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது: ஒரு நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதுரையில் ஒரு தனியார் நிறுவனம் ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சிக்குப் போயிருந்தேன். கூட வேலை பார்ப்பவர்களிடம் சங்கடமான விஷயத்தை எப்படிப் பேசுவது என்பதுதான் பொருள். மதியச் சாப்பாட்டோடு 750 ரூபாய். காலைப் பகுதி எனக்குப் பயன்படவில்லை, மதியத்துக்காகவே போகலாம்.

எனக்குப் போக வேண்டிய காரணம் இருந்தது. பத்தாம் வகுப்பில் என் பீரியடுக்கு முந்தையது கணக்கு. மணி அடித்தாலும் சார் வெளியே வரமாட்டார். "இந்த ஒரு கணக்கு மட்டும்" என்று பத்து நிமிடம் போகும், நான் வராண்டாவில் சமூக அறிவியல் புத்தகத்தையும் சாக்பீஸ் டப்பாவையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாற்பது நிமிடத்தில் பத்து போனால் மிச்சம் என்ன, எனக்கும் அது பொதுத்தேர்வுப் பாடம்தானே? இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை, அப்புறம் ஒருநாள் தாங்காமல் நேரே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், அவர் அதை ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எடுக்க, அன்றோடு சார் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

காலை முழுக்க ஸ்லைடு. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் சொன்ன 'நான்' வாக்கியம்தான் அடிப்படை: எதிரில் இருப்பவரைக் குற்றம் சாட்டாமல், என்ன நடந்தது, அதனால் எனக்கு என்ன ஆகிறது, மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்வது. நல்ல விஷயம். ஆனால் கையில் கொடுத்த தாளில் "நீங்கள் தாமதிக்கும்போது நான் வருத்தமாக உணர்கிறேன்" என்று இருந்தது. எந்த ஸ்டாஃப் ரூமில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? தமிழில் கோபமும் வருத்தமும் 'எனக்கு' வருபவை. "எனக்குச் சங்கடமா இருக்கு சார்" என்றால் போதும். ஒரு தமிழாசிரியர் எழுந்து இதையே சொன்னார், பயிற்சியாளர் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். பதினைந்து வருடம் சீனியரிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று நான் கேட்டதற்கும் பதில் இல்லை.

மதியம் இருவர் இருவராக நடித்துப் பார்க்கச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தவர் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தொடக்கப் பள்ளி டீச்சர். அவர் நானாக, நான் கணக்கு சாராக. "சார், பெல் அடிச்சு பத்து நிமிஷம் ஆச்சு" என்று அவர் ஆரம்பித்ததுமே "ரிசல்ட் குறைஞ்சா என்னைத்தானே நிக்க வச்சுக் கேப்பாங்க" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வருடமாக அந்தக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு, உள்ளே இருப்பவருக்கும் ஒரு பயம் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் சார் தனியாக இருந்தபோது போய் நின்றேன். "சார், உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். எச்.எம். கிட்டப் போனது என் தப்பு" என்றேன். கையிலிருந்த சாக்பீஸ் தூளைக் கர்சீப்பில் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல டீச்சர், மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் ஆயிருச்சே" என்றார். அதற்கப்புறம்தான் பீரியட் பற்றியே பேசினோம். இப்போது நேரம் தேவைப்பட்டால் காலையிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறார், பதிலுக்குத் தன் பீரியடைத் தருகிறார். எல்லா நாளும் சரியாக நடப்பதில்லை, இருந்தாலும் வராண்டாவில் நிற்பது குறைந்திருக்கிறது.

இரண்டு வாரத்தில் கூப்பிட்டு விசாரிப்போம் என்று நிறுவனத்தில் சொன்னார்கள், இன்றுவரை அழைப்பு இல்லை. போகிறவர்கள் ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேராகப் போகாதீர்கள், சொந்தப் பிரச்சினையை மனம்விட்டு நடித்துக்காட்ட முடியாது. தேனி டீச்சர் மட்டும் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். அவருடைய பள்ளியில் சத்துணவு மேற்பார்வை யாருடைய முறை என்பதில் ஒரு வருடமாக மனக்கசப்பு, இந்த வெள்ளிக்கிழமை பேசப் போகிறாராம். நேற்று ராத்திரி போனிலேயே இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம்.