மோலார் நிறை காண எது நம்பகம்: உறைநிலையா, கொதிநிலையா, சவ்வூடு அழுத்தமா?

மோலார் நிறை என்பது ஒரு மோல் பொருளின் கிராம் எடை. ஒரு பொருளைக் கரைத்தால் கரைப்பானின் உறைநிலை தாழும், கொதிநிலை ஏறும்; கரைப்பானை மட்டும் விடும் சவ்வின் குறுக்கே சவ்வூடு அழுத்தம் எழும். எவ்வளவு என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, அதிலிருந்துதான் மோலார் நிறையைக் கணிக்கிறோம். முறையைத் தேர்வதற்கு முன் செறிவின் அலகைச் சரியாகப் பிடிக்க வேண்டும். விடை தப்புவது பெரும்பாலும் அங்கேதான். நீர்த்த நீர்க்கரைசலில் மோலாரிட்டியும் (ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்கள்) மோலாலிட்டியும் (ஒரு கிலோ கரைப்பானுக்கு உள்ள மோல்கள்) ஒட்டியே போகும்; செறிவு ஏறினால் பிரிந்துவிடும். 98 சதவீத கந்தக அமிலத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.84 கிராம். ஒரு லிட்டரில் அமிலம் 1803 கிராம் இருக்கிறது. 98ஆல் வகுத்தால் 18.4 மோலார். மோலாலிட்டிக்குக் கரைப்பானை மட்டும் எடை பார்க்க வேண்டும்: 1000 கிராமில் அமிலம் 980 கிராம், அதாவது 10 மோல், நீர் வெறும் 20 கிராம். 10ஐ 0.020 கிலோவால் வகுத்தால் 500 மோலால். ஒரே புட்டி, 18.4 ஓர் எண், 500 இன்னோர் எண்!

வெப்பநிலை மாறினால் கனஅளவு மாறும், எடை மாறாது. 20 டிகிரியில் தயாரித்த 0.1 மோலார் நீர்க்கரைசல் 80 டிகிரியில் ஏறத்தாழ 0.097 ஆகிவிடும். அதனால்தான் உறைநிலைத் தாழ்வுக்கும் கொதிநிலை ஏற்றத்துக்கும் மோலாலிட்டி, ஒரே வெப்பநிலையில் அளக்கும் சவ்வூடு அழுத்தத்துக்கு மோலாரிட்டி. 100 கிராம் நீரில் 34.2 கிராம் சர்க்கரை கரைத்தால் 1 மோலால். கனஅளவு சுமார் 121 மில்லிலிட்டர் என்பதால் 0.82 மோலார். நீரின் உறைநிலை மாறிலி (1 மோலாலுக்கு உறைநிலை தாழும் அளவு) 1.86ஐ மோலாலிட்டியால் பெருக்கினால் 1.86 டிகிரி தாழ்வு, தவறுதலாக மோலாரிட்டியால் பெருக்கினால் 1.53. கிட்டத்தட்ட 18 சதவீதப் பிழை, ஒரே ஓர் அலகால்.

இனி முறைகள். ஆவியழுத்தக் குறைவை ஒதுக்கிவிடலாம்: 25 டிகிரியில் 0.1 மோலால் நீர்க்கரைசலில் அது சுமார் 0.04 மில்லிமீட்டர் பாதரசம்தான்.

0.64 கிராம் நாப்தலீனை 50 கிராம் பென்சீனில் கரைத்தால் 0.1 மோலால். உறைநிலை 0.512 டிகிரி தாழும், கொதிநிலை 0.253 டிகிரி ஏறும். வெப்பநிலைமானி 0.01 டிகிரி பிசகினால் முதலாவதில் 2 சதவீதம், இரண்டாவதில் 4 சதவீதம் பிழை. நீரில் கொதிநிலை மாறிலி 0.512தான் என்பதால் அதே பிசகு 20 சதவீதத்தைத் தொடும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். சைக்ளோஹெக்சேன் அதைவிடப் பாதுகாப்பு, மாறிலியும் 20. அதே 0.1 மோலாலுக்கு 2 டிகிரி தாழ்வு கிடைக்கும்.

கொதிநிலை முறையின் பெரிய எதிரி காற்றழுத்தம். அழுத்தம் 1 மில்லிமீட்டர் பாதரசம் மாறினாலே நீரின் கொதிநிலை சுமார் 0.037 டிகிரி நகரும். காலையில் தூய கரைப்பானையும் மாலையில் கரைசலையும் அளந்தால், வரும் வித்தியாசம் கரைபொருளுடையதா வானிலையுடையதா என்று பிரிக்க முடியாது. ஆவி வெளியேறினாலோ குளிர்விப்பானில் தங்கினாலோ கரைசல் செறிந்து, மோலார் நிறை குறைவாக வரும். பொருள் குளிரில் கரையாதபோது மட்டும் இதைக் கையில் எடுங்கள்.

உறைநிலை முறைக்கும் ஒரு பொறி உண்டு. கரைசல் உறைநிலைக்குக் கீழே போயும் சற்று நேரம் உறையாமல் நிற்கும். அதிகம் கீழே போய்விட்டால் திடீரென நிறையக் கரைப்பான் உறைந்து, மிச்சம் செறிந்துவிடும். வெப்பநிலை திரும்ப ஏறினாலும் உண்மை உறைநிலையை எட்டாது. சீராகக் கலக்கிக்கொண்டே இருங்கள். அரை டிகிரிக்கு மேல் கீழே போனால் தூய கரைப்பானின் சிறு படிகம் ஒன்றைப் போடுங்கள். வெப்பநிலையை நேரத்துக்கு எதிரே வரைந்தால், உறையும் கட்டத்தில் கரைசலுக்குத் தட்டையான கோடு வராது, சாய்கோடுதான் வரும். அதைப் பின்னோக்கி நீட்டி, குளிர்வுக் கோட்டை வெட்டும் புள்ளியை எடுங்கள்.

நுண்ணிய வெப்பநிலைமானி இல்லாதவர்களுக்குக் கற்பூரம் பெரிய துணை. அதன் மாறிலி சுமார் 40. 100 மில்லிகிராம் கற்பூரத்தில் மோலார் நிறை 150 உள்ள பொருள் 10 மில்லிகிராம் கரைந்தால் உருகுநிலை 27 டிகிரி போல இறங்கும். சாதாரண வெப்பநிலைமானி போதும். கற்பூரம் பதங்கமாகி ஓடிவிடும் என்பதால் நுண்குழாயை உருக்கி மூடிவிட வேண்டும். 180 டிகிரியில் சிதையும் பொருளுக்கு இது ஆகாது.

புரதம், பாலிமர் என்றால் கணக்கே தலைகீழ். மோலார் நிறை 50,000 உள்ள புரதம் லிட்டருக்கு 5 கிராம் என்றால் 0.0001 மோலார், உறைநிலைத் தாழ்வு 0.0002 டிகிரிகூட இல்லை. 27 டிகிரியில் சவ்வூடு அழுத்தமோ 0.00246 வளிமண்டலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் நீர்மட்டம். அளவுகோலிலேயே படிக்கலாம். சிறு மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டினால் அழுத்தம் குறைந்து நிறை கூடுதலாக வரும். புரதத்தின் மின்சுமையால் எதிரயனிகள் (எதிர் மின்சுமை கொண்ட அயனிகள்) அழுத்தத்தைக் கூட்டும், அதனால் உப்பு சேர்த்த தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) அளக்க வேண்டும். ஒரே செறிவை நம்பாமல் நான்கைந்து செறிவுகளில் அழுத்தத்தைச் செறிவால் வகுத்து வரைந்து, சுழியம் வரை நீட்டுங்கள்.

எந்த முறையானாலும் கருவி எண்ணுவது துகள்களைத்தான். பென்சாயிக் அமிலத்தின் மோலார் நிறை 122. பென்சீனில் இரண்டிரண்டாக இணைவதால் 240ஐ ஒட்டிய விடை வரும். அதே அமிலத்தை அசிட்டோனில் கரைத்தால் 122 அருகே நிற்கும். 0.1 மோலால் சோடியம் குளோரைடில் வாண்ட்ஹாஃப் காரணி (கரைத்த ஓர் அலகு எத்தனை துகள்களாக நடந்துகொள்கிறது என்ற எண்) 2 அல்ல, சுமார் 1.87. விடை இரட்டிப்பாகவோ பாதியாகவோ வந்தால் வெப்பநிலைமானியைக் குறைசொல்லும் முன் கரைப்பானை மாற்றிப் பாருங்கள்.