வெள்ளவத்தையில் விற்கும் மானிடவியல் குறிப்புத் தொகுப்பு: பிற்பாதிக்காக வாங்கலாம், முற்பாதியைத் திருத்திப் படியுங்கள்

வெள்ளவத்தை காலி வீதியில் போட்டோ கொப்பிக் கடைகளில் சுருள் கம்பி போட்டு விற்கும் மானிடவியல் குறிப்புத் தொகுப்பு, தமிழ்மொழி மூலம் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. 144 பக்கம், 950 ரூபா. எழுதியவர் பெயர் அட்டையில் இல்லை. முற்பாதி உயிரியல் மானிடவியல், பிற்பாதி சமூக மானிடவியல். இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது என்று தோன்றுகிறது. பிற்பாதியில் அவ்வளவு தெளிவு. முற்பாதியை அப்படியே மனனம் செய்தால் புள்ளி போகும்.

இந்தத் தொகுப்பை வாங்குவதற்கான காரணம் உறவுமுறை அத்தியாயம். 1871இல் அமெரிக்க மானிடவியலாளர் மோர்கன் தொடங்கிவைத்த உறவுமுறை வகைப்பாட்டை மனப்பாடப் பட்டியலாகத் தராமல், நம் வாயில் இருக்கும் சொற்களிலிருந்தே தொடங்குகிறது. அப்பாவின் சகோதரன் சித்தப்பா, பெரியப்பா. அவருடைய பிள்ளைகள் அண்ணா, தங்கச்சி. அம்மாவின் சகோதரன் மாமா; அவருடைய பிள்ளைகள் மச்சான், மச்சாள். முன்னது சமாந்தர உறவு, பின்னது குறுக்கு உறவு. இவ்வளவில் பெரும்பாலான குறிப்புகள் நின்றுவிடும். "நம்முடைய திராவிட முறையும் வட அமெரிக்கப் பழங்குடியினரான இரோகுவா மக்களின் முறையும் ஒன்றே" என்று எழுதியும் விடும். இந்தத் தொகுப்பு அடுத்த படிக்குப் போகிறது. அப்பாவின் மச்சானை, அதாவது அப்பாவுடைய மாமாவின் மகனை, என்ன சொல்லிக் கூப்பிடுவோம்? மாமா என்று. அவருடைய பிள்ளைகள் நமக்கு மச்சான், மச்சாள். இரோகுவா முறையில் அவரும் அப்பாவைப் போல ஓர் ஆண் என்பதால் அப்பா வரிசையில் சேர்வார், பிள்ளைகள் சகோதரர் ஆவார்கள். பரீட்சையில் இந்த ஒரு எடுத்துக்காட்டை வரைபடத்தோடு எழுதினாலே, வேறுபாட்டை உண்மையாக விளங்கிக்கொண்டவர் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

தாய்வழி மரபைத் தாயாட்சி என்று எழுதும் பழைய பிழையும் இதில் இல்லை. மட்டக்களப்பின் குடி (குலப் பிரிவு) முறை எடுத்துக்காட்டாக வருகிறது. குடி தாய்வழியே இறங்குகிறது, வீடு மகளுக்குப் போகிறது, கிழக்கு முஸ்லிம்களிடமும் குடி உண்டு. ஆனால் கோயில் நிர்வாகத்தில் வண்ணக்கராக (அறங்காவலராக) இருப்பவர் ஆண். மரபு யார் வழியே இறங்குகிறது என்பதும் அதிகாரம் யார் கையில் என்பதும் வெவ்வேறு கேள்விகள். அதற்குப் பக்கத்திலேயே யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (திருமணத்தின்பின் தேடிய சொத்து) மூன்றையும் வைத்து, சொத்து ஒரே வழியில்தான் இறங்க வேண்டும் என்பதில்லை என்று காட்டியிருப்பது நல்ல ஆசிரியர் வேலை.

கோட்பாட்டுப் பகுதி சுருக்கம், போதும். சமூக வழக்கங்கள் எதற்காக இருக்கின்றன என்ற கேள்விக்கு, மானிடவியலாளர்களில் மலினோவ்ஸ்கிக்குத் தனிமனிதனின் தேவைகள், ராட்கிளிஃப் பிரவுனுக்குச் சமூகக் கட்டமைப்பின் நிலைபேறு என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. பப்புவா நியூகினித் தீவுகளுக்கிடையே நடக்கும் குலா பரிமாற்றத்தில் கழுத்துமாலைகள் கடிகாரத் திசையிலும் கைவளைகள் எதிர்த்திசையிலும் சுற்றுவதும் சரியாக உள்ளது.

இனி முற்பாதி. முதல் சிக்கல் "இனம்" என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. உயர்தர உயிரியல் படித்தவருக்கு வருணம், குடும்பம், சாதி, இனம் எல்லாம் உயிர்ப் பாகுபாட்டின் படிகள். கலைப்பிரிவில் வந்தவருக்கு அதே நான்கு சொற்களும் சமூகவியல். தொகுப்பு இதை எங்கும் பிரித்துச் சொல்லவில்லை. "மனிதர் ஒரே இனம்" என்று 9ஆம் பக்கத்திலும் "மனித இனங்கள் மூன்று" என்று 31ஆம் பக்கத்திலும் இருக்கிறது. முதலாவது உயிரியல் இனம், அது சரி. இரண்டாவது தோல்நிறத்தையும் மண்டையோட்டையும் வைத்து வகுத்த பழைய பிரிவு. இன்றைய மானிடவியல் அதை உயிரியல் உண்மையாக ஏற்பதில்லை. மனிதரின் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே குடித்தொகைக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் லெவொன்டின் 1972இல் காட்டினார். விடைத்தாளில் உயிரியல் இனம், இனப்பிரிவு (தோல்நிறம் முதலியவற்றால் வகுத்தது), இனத்துவக் குழு (பண்பாட்டால் இணைந்தது) என்று மூன்றையும் மூன்று சொல்லால் எழுதுங்கள்.

பரிணாமப் பகுதியில் "மூளை பெருத்தது, அதனால் நிமிர்ந்து நடந்தான்" என்ற வாக்கியம் தலைகீழ். 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த லூசி என்ற ஆதி மூதாதை எலும்புக்கூட்டின் வயது ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டு. இடுப்பெலும்பு குட்டையாக, கிண்ணம்போல் விரிந்தது. தொடையெலும்பு முழங்காலை நோக்கி உட்சாய்வு. அவள் நிமிர்ந்து நடந்தவள். அவளுடைய இனத்தின் மூளையோ ஏறக்குறைய சிம்பன்சியின் அளவுதான். நடை முதல், மூளை பிறகு. நியண்டர்தால் மனிதரை நமக்கு நேர் மூதாதையாக ஒரே கோட்டில் வரைந்திருப்பதையும் வெட்டிவிட்டுக் கிளையாக வரையுங்கள். இலங்கையின் வரலாற்றுக்கு முந்தைய பலாங்கொடை மனிதனைத் தனி இனமாகக் காட்டும் அட்டவணையும் தவறு; அவர்கள் நம்மைப் போன்ற ஹோமோ சேப்பியன்ஸ்தான்.

அதிக புள்ளி போகும் இடம் ஹார்டி–வைன்பேர்க் கணக்கு, அதாவது மரபணு வீதங்கள் தலைமுறைதோறும் மாறாதிருக்கும் சமநிலையை வைத்துப் போடும் கணக்கு. 100 பேரில் 4 பேரிடம் பின்னிடைவான இயல்பு தெரிகிறது, அதை வெளியே தெரியாமல் சுமக்கும் காவிகள் எத்தனை பேர் என்பது கேள்வி. தொகுப்பு அந்த இயல்புக்கான எதிருருவின் (மரபணுவின் ஒரு வடிவத்தின்) வீதத்தை q = 0.04 என்று எடுத்து, 2 × 0.96 × 0.04 போட்டு, 8 பேர் என்று முடிக்கிறது. இயல்பு வெளியே தெரிபவர்களிடம் அந்த எதிருரு இரண்டு இருக்கும். ஆகவே 0.04 என்பது q² தான். வர்க்கமூலம் எடுத்தால் q = 0.2, மற்ற எதிருருவின் வீதம் p = 0.8, காவிகளின் வீதம் 2pq = 0.32. விடை 32 பேர். p², 2pq, q² தரும் 64, 32, 4 கூட்டினால் 100 வருகிறதா என்று கடைசியில் சரிபாருங்கள். சமநிலைக்கான நிபந்தனைகளில் எழுமாற்றான இணைசேர்க்கையும் ஒன்று. பிற்பாதியில் இவ்வளவு அழகாக விளக்கிய மச்சான்–மச்சாள் திருமணம் அந்த நிபந்தனையைத்தான் மீறுகிறது. இரண்டு பாதிகளையும் இணைத்திருக்கக்கூடிய இந்த இடத்தைத் தொகுப்பு தவறவிட்டது பெரிய இழப்பு. கட்டுரை வினாவில் நீங்களே இணைத்து எழுதலாம்.

அரிவாள் உயிரணு (பரம்பரைக் குருதி நோய்) பற்றிய பகுதியில் "நோயாளிக்கு மலேரியா வராது" என்றிருப்பதையும் திருத்துங்கள். பாதுகாப்புப் பெறுபவர் ஒரு எதிருருவை மட்டும் காவுபவர். அவருக்கும் தொற்று வரலாம், கடுமையாவதுதான் குறைகிறது. இரண்டும் உள்ளவருக்கு அது நோய்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அச்சு. உறவு வரைபடத்தில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமன்குறி, யாரிடமிருந்து உறவை எண்ணுகிறோமோ அவருக்குக் கறுப்பு நிரப்பு. கொப்பியிலிருந்து எடுத்த கொப்பியில் அந்த நிரப்பு வெளிறி, இறந்தவரைக் குறிக்கும் சாய்கோடும் மறைந்துவிடுகிறது. காசு கொடுக்குமுன் 97ஆம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கறுப்பு முக்கோணம் ஒன்று பளிச்சென்று தெரியாவிட்டால் வேறு பிரதி கேளுங்கள்.