மரத்தூளா, மணலா?

கொழும்பு பஞ்சிகாவத்தை வாகனப் பட்டறைகளில் எஞ்சின் எண்ணெய் சிந்தினால் மரத்தூள் நல்ல துணைதான். மலிவு, பாரமில்லை, எண்ணெயை நன்றாக உறிஞ்சும். அந்த வேலைக்கு மணல் அவ்வளவு சரிவராது. அள்ளவே முதுகு ஒடிந்துவிடும்.

ஆனால் சிந்தியது நைத்திரிக் அமிலமோ செறிந்த ஐதரசன் பேரொட்சைட்டோ என்றால் மரத்தூளைத் தயவுசெய்து தொடாதீர்கள். இவை ஒட்சியேற்றிகள், அதாவது மற்றப் பொருள்களை எரியத் தூண்டுபவை; மரத்தூள் அவற்றுக்கு எரிபொருள். நனைந்த குவியல் உள்ளுக்குள் சூடேறி, கொஞ்ச நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் கசிந்ததும் நைத்திரிக் அமிலம்தான். இங்கே உலர்ந்த மணலே வேண்டும். அது இவற்றோடு வினைபுரியாது, பரவாமல் அணை போடவும் உதவும். ஒரே வாளிக்குத்தான் இடம் என்றால், நான் மணலைத்தான் வைப்பேன்.

ஒன்று, மணல் அமிலத்தின் வீரியத்தைக் குறைக்காது. அள்ளிய மணலையும் அமிலமாகவே நினைத்துக் கையாள வேண்டும், கையுறையைக் கழற்றக் கூடாது. பற்றரி அமிலம் கொஞ்சமாகச் சிந்தினால் மணலால் சுற்றி அணைபோட்டு, ஓரத்திலிருந்து அப்பச்சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். நுரைப்பது நிற்கும் வரை.

கண்ணில் பட்டுவிட்டதா? மணலையும் தூளையும் அப்படியே விட்டுவிட்டு, குறைந்தது 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவுங்கள். பக்கத்தில் நிற்பவர் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சை அழைக்கட்டும்.