கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா: சென்னைக் காற்றில் எந்த செஸ்னா 172?

வணிக விமானி உரிமத்துக்கு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 200 மணி நேரப் பறப்பைக் கேட்கிறது. அந்த மணிகளை எந்த விமானத்தில் சேர்ப்பது என்று தேடியபோது எனக்கு முன்னால் இருந்தவை மூன்று: கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய செஸ்னா 172, அதற்குப் பதிலாகப் பெட்ரோலை நேராகச் செலுத்தும் இன்ஜெக்ஷன் உள்ள 172எஸ், டீசல் இன்ஜின் டைமண்ட் டிஏ40 என்ஜி. நான் 172எஸ் எடுத்தேன்.

பழைய 172-இல் வாடகை குறைவு, இன்ஜின் எளிமையானது, மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. அதையெல்லாம் மறுக்கவில்லை. என்னைத் தடுத்தது ஐஸ்.

சென்னையில் ஐஸா என்று கேட்பவர்கள் நிறைய. டீக்கடையில் அடுப்பு வேகமாக எரியும்போது காஸ் சிலிண்டரின் அடிப்பகுதி வேர்த்துச் சில்லிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கார்புரேட்டருக்குள் நடப்பதும் அதேதான். பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகலான வழியில் காற்றழுத்தம் குறையும்போதும் வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல்கூட இறங்கலாம். வெளியே 28 டிகிரி இருந்தாலும் உள்ளே உறைநிலைதான். மீதி வேலையைக் காற்றின் ஈரப்பதம் செய்துவிடும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகைக் காலையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

பவரைக் குறைத்து இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதன் விளிம்பில் கொஞ்சம் ஐஸ் படிந்தாலே காற்று போகும் வழி அடைபட்டுவிடும். இன்ஜின் எப்படியும் மெதுவாக ஓடுவதால் நமக்குத் தெரியாது. தரையை நெருங்கி த்ராட்டிலைத் தள்ளும்போதுதான் பவர் வராது. பவர் இல்லாமல் 172 சறுக்கி வந்தால் 1,000 அடி உயரத்துக்கு ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் போகும். கிண்டிக்கு மேல் 700 அடியில் அது எதற்குக் காணும்? ஊருக்கு வெளியே செங்கல்பட்டுப் பக்கம் வயல் இருக்கிறதே என்றால், மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும். சேற்றில் முன்சக்கரம் புதைந்தால் விமானம் கவிழ்ந்துவிடும்.

சரி, சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் விட்டு ஐஸை உருக்கும் கார்ப் ஹீட் இருக்கிறதே? இருக்கிறது, வேலையும் செய்யும். ஆனால் ஐஸ் பிடித்த பிறகு அந்தக் குமிழை இழுத்தால் முதலில் ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுழலும் வேகம், இன்னும் விழும். உருகிய தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் உதறும். அந்த நேரத்தில் பயந்துபோய்க் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடத் தோன்றும். தள்ளினால் கதை முடிந்தது. 172-இல் பிறகு வந்த லைகமிங் இன்ஜினில் கார்புரேட்டர் சூடான ஆயில் தொட்டிக்கு அடியில் இருப்பதால், அதற்கு முன் இருந்த பழைய கான்டினென்டல் இன்ஜினைவிட ஐஸ் குறைவுதான். இருந்தாலும் பழகும் காலத்தில், தலைக்குள் ஆயிரம் வேலை ஓடும்போது, இதையும் நினைவில் வைக்க வேண்டுமா?

1996-க்குப் பிறகு வந்த 172ஆர், 172எஸ் இரண்டிலும் கார்புரேட்டரே கிடையாது. எரிபொருள் ஒவ்வொரு சிலிண்டரின் வாசலுக்கும் நேராகப் போகிறது. காற்று உள்ளே வரும் வழியில் ஐஸ் பிடிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்கு உறைநிலைக் குளிரில் மேகத்துக்குள் பறக்க வேண்டும். நம் பக்கம் உறைநிலை ஏறத்தாழ 16,000 அடியில் இருக்கிறது. 172எஸ் அதிகபட்சம் போவதே 14,000 அடிதான். இதற்கு நாம் கொடுக்கும் விலை, மே மாத மதியத்தில் சூடான இன்ஜினைத் திரும்பக் கிளப்பும் போராட்டம். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். எரிச்சலான வேலைதான், ஆனால் அது தரையில் நடக்கிறது.

டிஏ40 என்ஜியில் எனக்கு அனுபவம் கொஞ்சம்தான், அழுத்திச் சொல்ல மாட்டேன். எந்தப் பெரிய விமான நிலையத்திலும் கிடைக்கும் ஜெட் ஏ-1 எரிபொருளில் ஓடும். ஒரே பவர் லீவர். இன்ஜின் முழுக்க மின்னணுக் கட்டுப்பாட்டில் இருப்பதால் மின்சாரப் பழுது வந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓட்டிப் பழகியவர்களிடம் கேளுங்கள்.

கார்புரேட்டர் விமானம்தான் கிடைக்கிறது என்றால், த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே கார்ப் ஹீட்டை முழுசாக இழுங்கள், இறங்கும்வரை விடாதீர்கள். மறுபடி மேலேற நேர்ந்தால் முதலில் முழு த்ராட்டில், அப்புறம் கார்ப் ஹீட் உள்ளே.