'ஜூ கீப்பர் டிப்ளமோ, நூறு சதவீதம் வேலை' நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்காக எழுதுகிறேன். "ஜூ கீப்பிங் மற்றும் வனவிலங்கு பராமரிப்பு டிப்ளமோ, ஆறே மாதம், உயிரியல் பூங்காக்களில் உறுதியான வேலை" என்று புலி முகம் போட்ட ஒரு நோட்டீஸ் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் அக்கா மகன் அதில் சேர்ந்தான். கோர்ஸுக்கு 45,000 ரூபாய், யூனிஃபார்ம், அடையாள அட்டை என்று தனியாக 6,000. மொத்தமும் போனது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை.

முதலில் அக்காவைப் பற்றி யாரும் "விசாரிக்காமல் ஏன் கட்டினாய்" என்று கேட்காதீர்கள். அவள் விசாரித்தாள். அங்கே போய் உட்கார்ந்து, "சார், இது கவர்மென்ட் அங்கீகாரம் உள்ளதுதானே" என்று கேட்டிருக்கிறாள். "அம்மா, மத்திய அரசு முத்திரையே சர்டிஃபிகேட்டில் இருக்கு பாருங்க" என்று ஒரு தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இலை பறித்து, மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற ஒருத்திக்கு அதற்கு மேல் என்ன கேட்கத் தெரியும்? பையனும் திருப்பூருக்குப் போக மாட்டேன், மிருகங்களோடுதான் வேலை பார்ப்பேன் என்று சின்ன வயதில் இருந்தே சொல்லிக்கொண்டிருப்பவன். தேயிலைக்குள் காட்டெருமை மேய்வதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவதில் என்ன அதிசயம். இவர்கள் கடை போட்டிருப்பதே அந்த ஆசையை நம்பித்தான்.

வகுப்பு எப்படி நடந்தது என்று கேளுங்கள். ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. பாடம் என்பது யூடியூப் வீடியோவும், இணையத்தில் இருந்து அப்படியே எடுத்து ஸ்பைரல் போட்ட ஆங்கிலப் புத்தகமும். 'பிராக்டிக்கல்' என்று பின்னால் ஒரு ஷெட். அதில் லவ் பேர்ட்ஸ், முயல், ஒரு கூண்டில் இரண்டு பச்சைக்கிளி, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நட்சத்திர ஆமை. ஒரு நாள் யாரோ பிடித்துக்கொண்டு வந்த சாரைப்பாம்பை ஆளாளுக்குக் கையில் கொடுத்து போட்டோ எடுத்து அவர்கள் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள், எங்கள் பையன் முகமும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

பணம் போனதை விட எனக்குப் பதறியது இதற்குத்தான். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, சாரைப்பாம்பு மூன்றுமே 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிர்கள். வீட்டிலோ கடையிலோ வைத்திருப்பதே குற்றம். நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது, அந்த அட்டவணையில் உள்ள உயிர்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் மூன்று வருடத்தில் இருந்து ஏழு வருடம் வரை சிறை போகிற அளவுக்குச் சட்டம் கடுமை. எங்கள் லைனில் வனத்துறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், போட்டோவைப் பார்த்தவுடன், "டேய், நீ வேலை கேட்டுப் போகப்போறதே எங்க டிபார்ட்மென்ட்டுக்குத்தான், இந்த போட்டோவோடவா போவ?" என்று கேட்டார். பையனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் அந்த 'முதுமலை களப்பயிற்சி'. நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்தது அதுதான். பிள்ளைகளை வேனில் முதுமலையில் இருக்கிற தெப்பக்காடு யானை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய், சுற்றுலாப் பயணிகள் வாங்குகிற அதே டிக்கெட்டை வாங்கி, முகாம் யானைகளுக்குக் களி உருண்டை கொடுப்பதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வைத்துத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள். டிக்கெட் காசும் வேன் வாடகையும் பிள்ளைகள் தலையில்தான். சர்டிஃபிகேட்டில் இதற்கு 'யானை பராமரிப்புப் பயிற்சி' என்று பெயர். தெப்பக்காட்டில் பாகனும், பாகனுக்கு உதவியாளான காவடியும் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்கிற பழங்குடிக் குடும்பத்து ஆட்கள், வேலைக்கு வைப்பது வனத்துறை. 2023-ல் பெள்ளி அம்மாவைக் காவடியாக நியமித்தபோதும் யாரும் அவரிடம் டிப்ளமோ கேட்கவில்லை, தாயை இழந்த குட்டி யானைகளை அவர் வளர்த்த கைதான் சர்டிஃபிகேட்.

சரி, அந்த முத்திரைகளுக்கு வருகிறேன். சர்டிஃபிகேட்டில் நாலைந்து சின்னம் இருந்தது, ஒவ்வொன்றாக விசாரித்ததில் தெரிந்தது இது. 'எம்.எஸ்.எம்.இ, இந்திய அரசு' என்பது உத்யம் பதிவு. சிறுதொழில் நடத்துகிற யாரும் ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், டீக்கடைக்கும் கிடைக்கும், கோர்ஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐ.எஸ்.ஓ என்பது காசு கொடுத்துத் தனியாரிடம் வாங்குகிற மேலாண்மைத் தரச் சான்று, பாடத்தின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 'அரசு பதிவு எண்' என்பது 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் எடுத்தது, ஊர் கிரிக்கெட் கிளப்பும் அதே சட்டத்தில்தான் பதிவு செய்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய துணிச்சல், மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் பெயரையே போட்டு 'விதிமுறைப்படி' என்று எழுதியிருந்தது. 1992-ல் வந்த அந்த ஆணையம் அங்கீகாரம் கொடுப்பது பூங்காக்களுக்கு. கூண்டு, இடம், மருத்துவர், தீவனம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பார்கள், இல்லையென்றால் பிடுங்கவும் செய்வார்கள், கோவை வ.உ.சி. பூங்காவின் விலங்குக் காட்சிசாலைக்கு 2022-ல் அப்படித்தான் ரத்தானது. மாடியில் இரண்டு அறை வைத்து நடத்துகிற டிப்ளமோவுக்கு அங்கே அங்கீகாரம் என்று ஒரு பேச்சே கிடையாது. பூங்கா ஊழியர்களுக்கு ஆணையம் பயிற்சிகள் நடத்துகிறது உண்மை, ஆனால் அது ஏற்கெனவே பூங்காவில் வேலையில் இருப்பவர்களுக்கு.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள், நீலகிரியில் ஒரு மிருகக்காட்சிசாலையே கிடையாது. அப்படி இருக்க 'உள்ளூரிலேயே வேலை' என்றால் எங்கே?

கோர்ஸ் முடிந்து 'வேலைக்கு அனுப்புகிறோம்' என்று கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு பையன் மலைக்குக் கீழே ஒரு உயிரியல் பூங்கா அலுவலகத்துக்குப் போனான். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "தம்பி, இந்தக் கடிதத்தை நாங்க கேட்கவும் இல்லை, இந்த ஆட்களை எங்களுக்குத் தெரியவும் தெரியாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உண்மையான வழி என்ன என்று அதற்குப் பிறகு நாங்கள் தேடியதைச் சொல்கிறேன், இதற்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. வண்டலூர் அறிஞர் அண்ணா பூங்கா, சேலம் குரும்பப்பட்டி, வேலூர் அமிர்தி எல்லாம் வனத்துறையின் கீழ்தான். வனத்துறைக்குள் நுழைய வனக்காவலர், வனக்காப்பாளர் பதவிகள் இருக்கின்றன, 2024 அறிவிப்பில் இருந்து அவற்றை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வோடு சேர்த்துவிட்டார்கள். காவலருக்குப் பத்தாம் வகுப்பு, காப்பாளருக்கு அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும், அது நம் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயமே இல்லை. படிக்க வசதி இருந்தால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலேயே விலங்கியலும் வனஉயிரியலும் சேர்ந்த துறை இருக்கிறது, ஒரு வருட மொத்தச் செலவே இவர்கள் வாங்கிய கட்டணத்துக்குக் கிட்டே வராது. மார்க் நன்றாக இருந்தால் கால்நடை மருத்துவம், ஐந்தரை வருடம், தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் இல்லை. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. வெறும் அனுபவம் வேண்டுமென்றால் மகாபலிபுரம் போகிற வழியில் இருக்கும் முதலைப் பண்ணை போன்ற இடங்கள் தன்னார்வலர்களை எடுத்துக்கொள்கின்றன, நேராக அவர்களுக்கே எழுதிக் கேட்கலாம்.

வேலையும் போட்டோவில் வருகிற மாதிரி இல்லை. காலையில் முதலில் பூட்டும் கதவும். மிருகம் எந்த அறையில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்காமல் அடுத்த கதவைத் திறக்கக் கூடாது. அப்புறம் சாணி அள்ளுவது, கழுவுவது, நேற்று வைத்ததில் எவ்வளவு மிச்சம், சாணி எப்படி இருக்கிறது, நொண்டுகிறதா என்று நோட்டில் எழுதுவது. புதிதாக வந்த விலங்கைத் தனியாக வைப்பது, கூண்டுக்குள் போகும்போது மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைப்பது. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்கே கொரோனா வந்தது ஞாபகம் இருக்கும், மனிதனிடம் இருந்து மிருகத்துக்கும் மிருகத்திடம் இருந்து மனிதனுக்கும் நோய் தாவுகிற இடம் அது. இதில் ஒரு வரிகூட அந்த ஆறு மாதத்தில் சொல்லித் தரவில்லை. வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிக்கூட ஒரு வார்த்தை இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "துபாய், சிங்கப்பூர் ஜூவுக்கு அனுப்புகிறோம், இன்னும் முப்பதாயிரம் கட்டுங்கள் மேடம்" என்றார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். உரிம எண்ணை அனுப்புங்கள் என்றேன். அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

நாங்கள் செய்தது: 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், போலீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினோம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. கட்டிய பணத்துக்கு ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய 'வேலை உறுதி' மெசேஜ், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். ஜிபேயில் தனி ஆள் பெயருக்கு அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும் முக்கியம், எங்களுடையதில் பாதிப் பணம் அப்படித்தான் போயிருக்கிறது. பையனோடு படித்த மற்ற பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், சேர்ந்து போட்டால் மனுவுக்கு வலு.

போன வாரம் அந்த மாடியைப் போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது. அதே புலி முகத்தோடு, வேறு பெயரில், வேறு ஊர் முகவரியில் புது நோட்டீஸ் வந்துவிட்டது. போன் நம்பர் மட்டும் மாறவில்லை, கட்டணம் 50,000 ஆகியிருக்கிறது.