அம்மா ஏறி இறங்க எந்த வண்டி: டிசையர், வேகன்ஆர், பஞ்ச், அப்புறம் நம்ம ஆட்டோ

அம்மாவுக்கு 74 வயது. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. இடது முட்டி தேய்ந்துவிட்டது, வலது முட்டி அதற்கும் சேர்த்து உழைத்து இப்போது அதுவும் முனகுகிறது. கட்டுவது எப்போதும் சேலை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம், கார் விமர்சனங்களில் வருகிற குதிரைத்திறன், டச் ஸ்க்ரீன், சன்ரூஃப் எதுவும் எங்கள் முடிவுக்குள் வரவில்லை, அம்மாவின் உயரமும் முட்டியும் சேலையும்தான் வந்தன. இருப்பது கோயம்புத்தூர். வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஊருக்குள் பிசியோதெரபி, கோயில், ரத்தப் பரிசோதனை என்று போக வேண்டும். மாதம் ஒருமுறை பழனி, வழியில் உடுமலையில் சித்தி வீடு.

பழைய வண்டி தாழ்வான ஒரு ஹேட்ச்பேக், டிக்கி தனியாக நீளாத சின்ன கார். ஏறுவதைக் கூட எப்படியோ சமாளித்துவிடுவார், இறங்குவதுதான் போராட்டம். போன வருடம் ஒருநாள் இறங்கும்போது பிடிமானத்துக்குக் கதவைப் பிடித்திருக்கிறார், கதவு தன்பாட்டுக்கு ஆட, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் அன்றைக்கே புது வண்டி என்று முடிவு செய்தாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதும் ஒரு தெம்பு.

ஷோரூமுக்குப் போகும் முன் பிசியோதெரபி செய்கிற பெண் ஒரு விஷயம் சொன்னார், அதுதான் எல்லாவற்றையும் விட உதவியது. வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து அம்மா யார் கையையும் பிடிக்காமல் எழுகிறாரோ, அதன் உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், கார் சீட்டும் தரையிலிருந்து ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். சீட் முட்டியை விடத் தாழ்ந்தால் எழும்போது மொத்த உடம்பையும் தொடைத் தசைதான் மேலே தூக்க வேண்டும், வயதானவர்களுக்கு முதலில் கரைவதே அந்தத் தசைதான். ரொம்ப உயர்ந்தால் கால் தரையில் படாது, எம்பி ஏற வேண்டும். ஆகவே "உயரமான வண்டி வாங்கு, பெரியவங்களுக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மை.

முதலில் பார்த்தது மாருதியின் டிசையர், செடான் வகை, அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் கார். காகிதத்தில் பார்த்தால் வேறு எதையும் தேடத் தேவையில்லை. 2024 நவம்பரில் வந்த புது மாடல், கார்களை மோதவிட்டு 5 வரை ஸ்டார் கொடுக்கிற குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 5 ஸ்டார் வாங்கியது, மாருதி கார் ஒன்று 5 ஸ்டார் வாங்கியது அதுதான் முதல் முறை. டிக்கி பெரிசு. எல்லாம் சரி. அம்மா உள்ளே உட்கார்ந்தார், உட்கார்ந்தார் என்பதை விட விழுந்தார் என்று சொல்லலாம். தலையைக் குனிந்து, இடுப்பை வளைத்து, கடைசி நாலு விரற்கடை பொத்தென்று. "கெணத்துக்குள்ள எறங்கற மாதிரி இருக்குது கண்ணு" என்றார். வெளியே வர நான் ஒரு பக்கம், விற்பனைப் பையன் ஒரு பக்கம். செடான் எதுவாக இருந்தாலும் இதே கதைதான், கூரை சரிந்து வரும், சீட் கீழே இருக்கும். இன்னொன்றும் அங்கேதான் கண்ணில் பட்டது. நடைமேடை ஓரமாக நிறுத்தினால் தாழ்வான வண்டி இன்னும் தாழ்வாகிறது, மேடையில் நின்றுகொண்டு பள்ளத்துக்குள் உட்கார வேண்டியிருக்கும்.

அடுத்து வேகன்ஆர், இதுவும் மாருதிதான். இதில் அம்மா ஏறியதை வீடியோ எடுத்து வைத்திருக்கலாம். பின்பக்கமாகத் திரும்பி நின்றார், உட்கார்ந்தார், இரண்டு காலையும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார், முடிந்தது. தலை எங்கேயும் இடிக்கவில்லை, சேலைக் கொசுவம் எதிலும் மாட்டவில்லை. சீட் உயரம் அவர் இடுப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. கதவுக்குக் கீழே வாசற்படி மாதிரி ஒரு விளிம்பு வரும் இல்லையா, அதுவும் கால் தடுக்குகிற மாதிரி இல்லை. ஏறி இறங்குவது ஒன்றை மட்டும் வைத்து மார்க் போட்டால் நாங்கள் பார்த்த கார்களிலேயே இதுதான் முதல்.

அப்புறம்தான் வயிற்றில் புளி கரைகிற விஷயம். 2023-இல் குளோபல் என்கேப் சோதனையில் வேகன்ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது 1 ஸ்டார், குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்யம். இரண்டு ஏர்பேக் உள்ள வண்டியைத்தான் அன்றைக்கு மோதினார்கள், இப்போது ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வந்துவிட்டது என்று ஷோரூமில் சொல்வார்கள், அது நிஜம்தான். ஆனால் அந்தச் சோதனையில் உடற்கூடே நிலையற்றது என்று எழுதினார்கள். கூடு நசுங்குகிற வண்டியில் பலூன் எண்ணிக்கையை ஏற்றுவது எவ்வளவு கைகொடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் போகவில்லை. முப்பது வயதில் விலா எலும்பு தாங்குகிற அடியை எழுபதில் தாங்காது, சீட் பெல்ட் இறுக்கினாலே முறிகிற எலும்பு அது. அதனால் வயதானவர் உட்காரும் வண்டிக்குத்தான் ஸ்டார் அதிகம் தேவை.

வேகன்ஆரைப் பற்றிப் பேசும்போது சுழலும் சீட்டை விட முடியாது. 2025 டிசம்பரில் மாருதி இதை ஒரு பெங்களூரு ஸ்டார்ட்அப்போடு சேர்ந்து, முன்னோட்டமாகச் சில நகரங்களில் மட்டும் கொண்டுவந்தது. முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட் அப்படியே கதவுப் பக்கம் திரும்பி நிற்கும், உட்கார்ந்த பிறகு உள்ளே திருப்பிவிடலாம். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இடுப்பைத் திருப்ப முடியாதவர்களுக்கு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வலுவிழந்தவர்களுக்கு, இது பெரிய வரம். அம்மாவின் பிரச்சினை திரும்புவது இல்லை, எழுவது. அதோடு சீட் வெளியே பார்த்துத் திரும்ப வேண்டுமானால் கதவு முழுசாகத் திறக்க வேண்டும், எதிரே கால் வைத்து நிற்க இடம் வேண்டும். எங்கள் தெருவில் அந்தப் பக்கம் சாக்கடை.

சுழலும் குஷன் என்று தனியாக விற்பதையும் ஒரு மாமா வாங்கிக் கொடுத்தார். வேண்டாம். சீட் உயரம் கூடிப் போகிறது, பிரேக் போட்டால் குஷனோடு ஆளும் சறுக்கும். அதற்குப் பதில் பழைய பட்டுத்துணி ஒன்றை சீட்டில் விரித்து, உட்கார்ந்து திரும்பியதும் உருவிவிடலாம், காசும் மிச்சம்.

அடுத்து டாடாவின் பஞ்ச். 2021 அக்டோபரில் வந்தபோதே குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கு 5 ஸ்டார், 17-க்கு 16.45 மதிப்பெண். கதவு 90 டிகிரி திறக்கிறது, இது விளம்பர வாசகம் என்றுதான் நினைத்திருந்தேன், கூடவே ஒருவர் நின்று கைபிடித்து ஏற்றும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு வரை 187 மில்லிமீட்டர், வேகன்ஆரில் 165. இந்த இரண்டு சென்டிமீட்டர் ஐந்தரை அடி ஆளுக்குத் தெரியவே தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது. முதல் முயற்சியில் நுனியில்தான் உட்கார முடிந்தது, பிறகு பின்னால் நகர்ந்து நகர்ந்து போனார். ஆனால் இறங்கும்போது கதையே மாறியது, காலைத் தொங்கவிட்டு, சற்றே முன்னால் சரிந்தால் நின்றுவிட்டார். என் கையைத் தேடவே இல்லை.

பஞ்சில் என்னை எரிச்சல்படுத்தியது பின்கதவுக் கைப்பிடி. கதவில் வழக்கமாக இருக்கிற இடத்தில் இல்லாமல் ஜன்னலுக்குப் பின்னால் மேலே ஒளித்து வைத்திருக்கிறார்கள், பார்க்க இரண்டு கதவு வண்டி மாதிரி ஸ்டைலாக இருக்க வேண்டுமாம். மூட்டுவாதம் வந்த விரலும் தோளும் அங்கே எட்டித் திறப்பது நடக்காத காரியம். உங்கள் வீட்டுப் பெரியவர் பின்சீட்டில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் என்றால் இதை ஷோரூமிலேயே அவரைத் திறக்க வைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பிடிவாதம் இருந்தது. முன்சீட் ஆம்பளைகளுக்கு என்று ஒரு பழைய கணக்கு. ஆனால் முட்டிக்கும் முதுகுக்கும் முன்சீட்தான் நல்லது: சீட்டைப் பின்னால் தள்ளிக் கால் நீட்டலாம், கதவும் பெரிசு. பின்சீட் கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் வேகத்தடையில் தூக்கிப் போடுவதும் அங்கேதான் அதிகம். எலும்பு மெலிந்தவர்களுக்கு ஒரு நல்ல குலுக்கலிலேயே முதுகெலும்பு நசுங்கலாம். ஏர்பேக் இருக்கிற டேஷ்போர்டை ஒட்டி மட்டும் உட்கார வைக்காதீர்கள். சரி, எங்கே உட்கார்ந்தாலும் பெல்ட், பின்னாலும்தான்.

வண்டியை ஓட்டுவது நான், எனக்கு ஆட்டோமேடிக் வேண்டும். வேகன்ஆர், பஞ்ச் இரண்டிலும் கிடைப்பது ஏஎம்டி வகை, அதாவது சாதாரண கியர்பாக்ஸையே வண்டி தானாக மாற்றிக்கொள்வது, கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடும். கியர் மாறுகிற நேரத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திப் பழகினால் அந்த ஆட்டம் பாதி குறையும். சிஎன்ஜி யோசிப்பவர்களுக்கு ஒன்று: வேகன்ஆரில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும், நாளைக்கு வீல்சேர் வந்தால் வைக்க இடமில்லை. பஞ்ச் சிஎன்ஜியில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தரைக்கு அடியில் வைத்திருப்பதால் இடம் தப்புகிறது. ஆனாலும் மடித்த இரும்பு வீல்சேரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிப் போட என் முதுகு ஒத்துழைக்குமா என்பது வேறு கேள்வி.

கடைசியாக ஆட்டோ. சிரிக்காதீர்கள். அம்மா இத்தனை வருடமாக எந்தப் புகாரும் சொல்லாமல் ஏறி இறங்கிய ஒரே வண்டி அதுதான். தரை தாழ்வு, கதவே கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, உள்ளே ஒரு படி வைத்து ஏறினால் சீட் நாற்காலி உயரத்தில் இருக்கிறது, நேராக உட்காரலாம். கார் வடிவமைக்கிறவர்கள் யாராவது ஒரு நாள் ஸ்டாண்டில் நின்று பாட்டிமார் ஆட்டோவில் ஏறுவதைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு என்று வந்தால் மார்க் போட எதுவும் இல்லை, பெல்ட் இல்லை, கூடு இல்லை, திருப்பத்தில் கவிழும். ஊருக்குள் நெரிசலில் முப்பதில் போவதற்கு ஒத்துக்கொள்வேன், பழனி ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டேன். கால் டாக்சி எங்களுக்கு ஒத்துவரவில்லை, புக் பண்ணினால் என்ன வண்டி வரும் என்று தெரியாது, பெரும்பாலும் செடான்தான் வருகிறது, மறுபடி கிணறு.

ஊரை விட்டு வெளியே போகாத குடும்பமாக இருந்திருந்தால், வேகன்ஆர் எடுத்திருப்பேனோ என்னவோ. மாதாமாதம் பழனி ரோடு இருக்கிறதே, அதனால் பஞ்ச் எடுத்தோம். ஊருக்குள் பக்கத்து இடங்களுக்கு இன்றும் தெருமுனை ஆட்டோக்காரர்தான் வருகிறார், அவர் தப்பாக நினைக்கவில்லை.

அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு வீட்டிலிருந்த மணைப்பலகையைப் பயன்படுத்துகிறோம். அடியில் பழைய டியூப் ரப்பர் ஒட்டிவிட்டேன், வழுக்காது. நடைமேடை உள்ள இடத்தில் அதுவும் வேண்டாம், மேடையே மணை. ஒரே தொல்லை, அம்மாவை ஏற்றிவிட்டு அதை எடுக்க மறந்துவிடுகிறேன். இதுவரை இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை திரும்பிப் போனபோது வாட்ச்மேன் அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.